பெட்டியில் விழுந்த ஆட்டுத்தோல்

நாட்டில் எங்கே இருந்ததோ இல்லையோ, ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்குள் நடந்தது கம்யூனிஸ்ட் ஆட்சிதான். லீவு, போனஸ், லைன் மாற்றம் எதுவானாலும் செங்கொடிச் சங்கத்துச் செயலாளர் தலையசைத்தால்தான் மேனேஜரும் தலையசைப்பார். அவரைத் தோழர் என்றே கூப்பிடுவோம். இளவயதில் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோல் அலசியவர். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று கம்பெனி வாசலில் உட்கார்ந்து போலீஸிடம் அடி வாங்கியவர். அவர்மேல் நான் வைத்திருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். ஒருமுறை ஐரோப்பாவில் இருந்த ஒரு நாட்டைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் கட்சி ஆட்சி. உள்ளே இருந்தவர்களே அதைத் திருத்தப் பார்த்தார்களாம். ஜனங்கள் பயமில்லாமல் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின. சில மாதங்கள்தான், அதை அடக்கப் பெரிய கம்யூனிஸ்ட் நாட்டின் டாங்கிகள் வந்துவிட்டன. டாங்கி அனுப்பியது பெரிய தப்பு என்று அவரே சொன்னார். பக்கத்து மெஷினில் தைக்கிற என் சிநேகிதி, ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், உடனே எழுந்தாள்.

"அப்போ நம்ம சங்கத்துல மட்டும் ஏன் தோழர் கை தூக்கி எலெக்ஷன் வெக்கிறீங்க? யாரு தூக்குறாங்கன்னு மேனேஜர் பாத்துக்கினு நிக்கிறாரு."

தோழர் சிரித்தார். நியாயமான பேச்சு, இந்தத் தடவை ரகசியமாகவே வைப்போம் என்றார். அதற்குப் பிறகு வந்த வாரங்கள் எங்களுக்குத் திருவிழாதான். வாயே திறக்காதவர்களெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் கமிட்டியைக் கேள்வி கேட்டார்கள். செயலாளர் பதவிக்கு அவரை எதிர்த்து என் சிநேகிதியே நின்றாள்.

சீட்டு அச்சடிப்பது வீண் செலவு, தோல் துண்டே போதும் என்று யோசனை சொன்னவர் தோழர்தான். கறுப்புத் துண்டு அவருக்கு, பிரவுன் துண்டு அவளுக்கு. அவரவர் லைனில் விழுகிற கழிவிலிருந்து ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் லைன் மட்டும் அப்போது லேடீஸ் ஷூவுக்கு ஆட்டுத்தோல் தைத்துக்கொண்டிருந்தது. மற்ற லைன்களில் எல்லாம் மாட்டுத்தோல். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் ஆட்டையும் மாட்டையும் பிரித்துச் சொல்கிற ஊர் இது. விடிந்தால் அடைந்தால் தோலைத் தடவியே பிழைக்கிற எங்களில் ஒருத்திக்குக்கூட அது உறைக்கவில்லை.

எண்ணும்போது நான் அருகில் நின்றேன். பிரவுன் துண்டு ஒவ்வொன்றையும் அவர் கட்டைவிரலால் ஒருதரம் தேய்த்துவிட்டே வைத்தார். டேனரிக்காரர் பழக்கம், விடாது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச வித்தியாசத்தில் அவரே ஜெயித்தார். அவளைத் தேடி வந்து கைகூடக் கொடுத்தார்.

அடுத்த வாரம் எங்கள் லைனைக் கலைத்தார்கள். சிலரைப் பேரணாம்பட்டு யூனிட்டுக்கு, மற்றவர்களைப் பசை நெடி தாங்க முடியாத ஒட்டும் பிரிவுக்கு. நான் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பேஜாராகிவிட்டார்.

"என்னாண்ட இன்னாமா கேக்குற? ஆட்டுத்தோல் லைனே அந்தப் பொண்ணு பக்கம்னு உங்க தோழர்தான் மேனேஜராண்ட சொல்லிட்டுப் போய்ட்டாரு."

மேனேஜரே மோப்பம் பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்த நாட்டுக்காவது டாங்கி தேவைப்பட்டது, எங்களுக்கு ஒரு கட்டைவிரல் போதுமாக இருந்தது. நான் அன்று சோறு தின்னவில்லை.

கட்டுப்பாட்டை மீறினாள் என்று என் சிநேகிதியைச் சங்கத்திலிருந்து நீக்கப் பொதுக்குழு கூட்டினார்கள். சங்கம் கைவிட்டவளைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வாக்கெடுப்பு பழையபடி கை தூக்கித்தான். வாசலில் மேனேஜர். எங்கள் லைன் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவளே முதலில் கை தூக்கினாள்.

"தூக்குங்கடி. உங்க வேலையாவது இருக்கட்டும்."

ஒவ்வொரு கையாக எழுந்தது. நான் தூக்கவில்லை. தோழர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், மடியில் கிடந்த என் கையையும் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து, "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, தோழர்களே" என்றார்.