மூட வந்தவர்களுக்குப் பொன்னாடை

பாரிசவாதம் வருவதற்கு முன்பு என் கணவரோடு ஒருமுறை கதைத்தவர்கள் இரண்டாவது முறை எங்கள் வீட்டுக்கு வர யோசிப்பார்கள். தேத்தண்ணி ஆறி ஆடை படரும், மனுசன் கதையை நிறுத்தமாட்டார். எந்தக் கதையைத் தொடங்கினாலும் கடைசியில் அதிகாரப் பரவலாக்கத்தில்தான் வந்து நிற்கும். ஊரில் மாகாண சபைக்குக் காணி அதிகாரம் இல்லை, பொலிஸ் அதிகாரம் இல்லை, தானாக வரி அறவிட்டுத் தானாகச் செலவழிக்க வழியில்லை, பிறகென்ன சபை என்று தொடங்குவார். "முடிவு எடுக்கிறவன் சனத்துக்குக் கிட்ட இருக்கவேணும். கதவைத் தட்டினா அவன் வந்து திறக்கவேணும்" என்பார்.

"உங்கடை மாகாண சபையைப் பிறகு பாப்பம். முதல்ல அந்தக் குப்பைப் பெட்டியைக் கொண்டுபோய் றோட்டில வையுங்கோ" என்பேன். அதையும் சும்மா விடமாட்டார். "இஞ்சரும், குப்பை எடுக்கிறது ஆரெண்டு தெரியுமே? நகரசபை. அதுக்கு எங்கடை வீட்டு வரி போகுது" என்று கையில் பெட்டியோடு நின்றபடியே இன்னொரு கூட்டம் நடத்துவார். எனக்கு விசர் வரும்.

இங்கே மாகாண அரசு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து ரொறன்ரோ நகரசபை உறுப்பினர்களை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்தபோது மனுசன் துள்ளிக் குதித்தார். "அங்கை மாகாணத்துக்கு அதிகாரம் இல்லாமல் நாங்கள் அழுந்தினம். இஞ்சை மாகாணத்துக்கு அதிகாரம் கூடி நகரம் அழுந்துது. பாத்தீரே?" நான் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரும் பார்க்கவில்லை. வட்டாரம் பெருத்தால் எங்களுக்கென்ன, சிறுத்தால் எங்களுக்கென்ன என்று இருந்தோம்.

பிறகொரு காலை அவர் பல் விளக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்தார். வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போனது. பேச்சும் போனது. அவ்வளவு பேசிய வாயில் "சரி", "இல்லை", "பொறும்" என்று மூன்று நான்கு சொற்கள்தான் மிஞ்சின. மூளை தெளிவாக இருக்கிறது, எல்லாம் விளங்குகிறது, சொல் மட்டும் வராது என்றார் டொக்டர். அதைக் கேட்டபோதுதான் நான் உடைந்துபோனேன். விளங்காமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன், கடவுள்தான் மன்னிக்க வேண்டும்.

தரையில் அவரால் ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை. வோக்கரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினால் வலது கால் துணி மாதிரி மடியும். ஆசுப்பத்திரியில் ஒரு தாதிப் பிள்ளைதான் எங்கள் பக்கத்து நீச்சல்குளத்தைப் பற்றிச் சொன்னாள். நாங்கள் இருக்கிற ரூஜிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். நகரசபையின் பழைய சமூக நிலையம், அதன் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு சுடுதண்ணிக் குளம். கதிரையில் இருத்தியே தண்ணிக்குள் இறக்க ஒரு இயந்திரம் இருந்தது.

அவரை முதல்நாள் இறக்கினோம். தண்ணி மார்புமட்டம். பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி முன்னால் நின்று கைகளைப் பிடித்தாள். அவர் எழுந்தார். ஒரு கால், பிறகு மற்றக் கால். அந்த மடிகிற வலது கால் தண்ணிக்குள் மெல்ல மிதந்துபோய் முன்னால் ஊன்றியது. குளத்தின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், ஐயோ, அந்தச் சிரிப்பு. கல்யாண வீட்டிலும் மனுசன் அப்படிச் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு நாள். நான் குளக்கரை வாங்கிலில் துவாயோடு குந்தியிருப்பேன். என் மனுசன் நடப்பார். வீட்டில் சக்கரக் கதிரையில் இருக்கிறவர், சாப்பாட்டை நான் ஊட்ட வேண்டியவர், அங்கே தன் காலில் நிமிர்ந்து நிற்பார். காலைப் பாவித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தரையிலும் ஊன்றலாம், விட்டால் போய்விடும் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் குளத்தை மூடப்போகிறார்கள் என்ற கதை வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்னச் சின்ன நிலையங்களை மூடி, எல்லாச் சேவைகளையும் ஒரு பெரிய இடத்தில் சேர்ப்பது. சீர்திருத்தம் என்று பெயர். முடிவெடுக்க முதல் மக்களின் கருத்தைக் கேட்க வருவார்கள் என்றும், எங்கள் பகுதிக்கான கூட்டம் தமிழ் முதியோர் சங்கத்தின் மண்டபத்தில் நடக்கும் என்றும் அறிவித்தார்கள்.

சங்கத் தலைவருக்கு உடனே போன் எடுத்தேன். "அண்ணை, உந்தக் குளத்தை மூட விடேலாது. எல்லாரும் எழும்பிச் சொல்லவேணும்."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ தங்கச்சி. வாறவையை நல்ல மாதிரிக் கவனிச்சு அனுப்புவம். மரியாதை செய்தா அவை எங்களைக் கைவிடமாட்டினம்."

கவனித்தார்கள்தான். வடை, றோல்ஸ், கேசரி. வாசலில் குத்துவிளக்கு. வந்த அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்ல மனுசி, அவளில் நான் குற்றம் சொல்லமாட்டேன். அவளுக்கும் கூட வந்தவர்களுக்கும் எங்கள் தலைவர் பொன்னாடை போர்த்தினார். குளத்தை மூடலாமா என்று கேட்க வந்தவளுக்கு, கண்டறியாத பொன்னாடை! படம் எடுத்தார்கள். ஒருமுறை எடுத்தது சரியாக விழவில்லையென்று திரும்பவும் போர்த்தி எடுத்தார்கள்.

பிறகு அவள் விளங்கப்படுத்தினாள். மாகாணத்திலிருந்து வருகிற காசு குறைகிறது, நகரசபை சிக்கனம் பிடிக்க வேண்டும், இப்படிச் சேர்த்தால் வீட்டு வரியைக் கூட்டாமல் சமாளிக்கலாம். வீட்டு வரி கூடாது என்று மொழிபெயர்த்ததும் மண்டபம் கைதட்டியது. எங்கள் ஆட்களுக்கு வீடு என்றால் உயிர். இரண்டு வேலை செய்து வாங்கிய வீடு. எனக்கும் அந்த வரி கட்டுகிறபோது வயிறு எரியும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கைதட்டலைக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

எழும்பினேன். "எனக்கு ஒரு கேள்வி இருக்கு" என்றேன். தலைவர் மைக்கோடு ஓடிவந்தார். "தங்கச்சி, இருங்கோ. வந்தவை முன்னாலை சத்தம் போடாதையுங்கோ. சாப்பாடு முடியக் கதைப்பம்." பக்கத்தில் இருந்த அன்ரி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தா. "எங்களை இந்த நாடு ஏற்றுக்கொண்டது பிள்ளை. குறை சொன்னா நன்றிகெட்டதுகள் எண்டு நினைப்பினம்."

அப்போதுதான் மற்றப் பக்கத்தில் சக்கரக் கதிரையில் இருந்த என் கணவர் இடது கையை உயர்த்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. "பொறும்" என்றார். பிறகு இன்னும் சத்தமாக, "பொறும்! பொறும்!" மண்டபம் திரும்பிப் பார்த்தது. வாழ்நாள் முழுக்க இந்த விசயத்தைத்தானே பேசினார். சனத்துக்குக் கிட்ட, சனத்துக்குக் கிட்ட என்று தொண்டை வற்றப் பேசிய மனுசன், சொல்ல வேண்டிய அந்த ஒருநாளில் வாயைத் திறந்து திறந்து மூடினார். சங்கத்து ஆண்கள் இரண்டு பேர் ஓடிவந்து, பாவம், அவருக்கு அவசரமாக்கும் என்று கதிரையை உருட்டி மலசலகூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நான் பின்னால் ஓடினேன். அங்கே கண்ணாடிக்கு முன்னால் அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

திரும்பி வந்தபோது எல்லோரும் வரிசையில் நின்று பெரிய அட்டைகளில் வட்டப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை என்றால் மாற்றம் நல்லது. சிவப்பு என்றால் விருப்பமில்லை. சிவப்பை ஒருவரும் தொடவில்லை. "ஏன் அங்கிள்? நீங்களும் உங்கை குளிக்கப் போறனீங்கள்தானே?" என்று ஒருவரைக் கேட்டேன். "ஓம் பிள்ளை. ஆனா இவ்வளவு தூரம் வந்தவைக்கு முகத்துக்கு நேரை சிவப்பு ஒட்டலாமே? அவைக்குத் தெரியும்தானே எங்களுக்குக் குளம் வேணுமெண்டு" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொட்டுக் கள்ளமும் இல்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தானே, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் பசியோடு இருந்தும் வேண்டாம் என்போம். கேட்டவர் விளங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையில் போட வேண்டும். நகரசபை அப்படிப் போடாது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

என் சிவப்பு ஒன்று. என் மனுசன் இடது கையால் ஒட்டிய சிவப்பு ஒன்று. மற்றதெல்லாம் பச்சை. சாப்பாடு முடியக் கதைப்போம் என்றார்கள், சாப்பாடு முடிய அவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் பகுதி மூத்தோர் மாற்றத்தை வரவேற்றார்கள் என்று அறிக்கை வந்தது. வட்டார உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். இரண்டு மடங்காகப் பெருத்த வட்டாரம், எப்போதும் மெசின்தான் பேசியது. ஒருநாள் ஒரு பொடியன் எடுத்து, மரியாதையாகக் கேட்டு, பதிவு செய்கிறேன் என்றான். தலைவர் வீட்டுக்கு வந்து அழுதார். "இப்பிடிச் செய்வினமெண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை தங்கச்சி." அவர் தாயாருக்கும் அந்தக் குளம்தான். திட்ட வாய் திறந்தேன், அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

குளத்தின் கடைசி நாள் வெளியில் பனி கொட்டியது. நேரம் முடிந்து விசில் ஊதினார்கள். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அவர் நடுவில் நின்றார். "வாங்கோ அப்பா" என்றேன். "பொறும்" என்றார். பயிற்சிப் பெண் கரையில் நின்று கண்ணைத் துடைத்தாளே தவிர, அவரை அவசரப்படுத்தவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது, தண்ணியென்றால் பயம். போட்டிருந்த சட்டையோடு படியில் இறங்கினேன். அவர் இடது கையை நீட்டினார். நான் பிடித்தேன். விழுந்த நாளிலிருந்து நான்தான் அவரைத் தாங்கினேன், அன்றைக்கு வழுக்கித் தடுமாறிய என்னை அவர் தாங்கினார். அந்தக் கரைக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கூட்டிவந்தார். சோடியாக நாங்கள் நடந்து எத்தனையோ காலம்.

புதிய இடம் நகரத்தின் மற்ற அந்தத்தில். வீல்செயார் பஸ் பதிந்தால் ஊரெல்லாம் சுற்றி ஆட்களை ஏற்றி இறக்கிப் போகும். பெரிய, வடிவான குளம். தண்ணி குளிர். நீந்துகிறவர்களுக்கு அது சரியாம். அவரை இறக்கியதும் உடம்பு விறைத்து, வாய் நீலமாகி, "இல்லை, இல்லை" என்று கத்தினார். இன்னொருமுறை முயன்றோம், அதோடு விட்டோம். பனி கரைவதற்குள் இடது காலும் மெலிந்துபோனது.

போன மாதம் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தது, அவருக்கு இனி என்ன பராமரிப்புத் தேவை என்று பார்க்க. இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை. மடியில் கணினியை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டது.

"அன்ரி, அங்கிள் லாஸ்ற்றா எப்ப நடந்தவர்?"

"குளம் மூடின அண்டைக்கு" என்றேன். "என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தவர்."

பிள்ளை தட்டுவதை நிறுத்தியது. "ஓ, தண்ணிக்குள்ளயா? சொறி அன்ரி, ஐ மீன், தரையில."

"நடந்தவர் பிள்ளை. நான் கையைப் பிடிச்சனான். அதை எழுதுங்கோ."

"அது கவுண்ட் பண்ண மாட்டாங்கள் அன்ரி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, விழுந்த நாளிலிருந்து நடக்கவில்லை என்று எழுதியது. அவர் கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். விளங்கியது. போர்வைக்குள் கால் இருந்த இடத்தை இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார்.