ஏழாம் மாத மசக்கை

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், அந்தக் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் தாங்கள்தான் என்பார்கள். ஒருத்தி வாய் ஓயாமல் பேசினால் பெயர் வைக்க ஆளாளுக்கு ஓடி வருவார்கள். அவள் பேச்சு நின்றுபோனபோது மட்டும் ஒருத்தரையும் காணோம். அது எப்படி நின்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன், கொஞ்சம் எரிச்சலோடு சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாடியில் ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. அதில் அவள், அவள் புருஷன், மாமியார், ஐந்து வயது மகள். தண்ணீருக்கு மாடிக்கு ஒரு பொதுக் குழாய். குழாயடியில் அவள் குடம் நிறைவதற்குள் பக்கத்து வீட்டுக்காரியின் முட்டிவலி, எதிர்வீட்டுப் பூனையின் காதல், தன் புருஷனின் குறட்டை எல்லாம் பேசி முடித்துவிடுவாள். அந்த வாயே அவளுக்கு வேலையும் வாங்கித் தந்தது. வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி ஒன்றில், புகார் கேட்கிற வேலை.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரில் இருக்கிற துன்பமெல்லாம் வந்து விழும். சூப் ஆறிப்போய் வந்தது. கேட்டது கோழி, வந்தது காளான். கேக்கின் மேல் இருக்க வேண்டிய செர்ரிப் பழத்தைக் காணோம். கத்திக்கொண்டு வருகிறவர்களை அவள் பேசியே குழைய வைத்துவிடுவாள். செர்ரிக்காக அழைத்த ஒருவர், கடைசியில் தன் மகள் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். கம்பெனி இதற்குக் 'குரலில் புன்னகை' என்று பெயர் வைத்து மாதாமாதம் மதிப்பெண் போட்டது. அவள்தான் எப்போதும் முதலிடம்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் தரித்தபோது மசக்கை உண்மையிலேயே வந்தது. அதில் பொய் இல்லை. எண்ணெய் வாசனை பிடிக்கவில்லை, சோப்பு வாசனை பிடிக்கவில்லை, கொஞ்ச நாள் புருஷனின் வாசனையும் பிடிக்கவில்லை. அதையும் குழாயடியில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தாள். பிறகு, மசக்கை எல்லாருக்கும் போவதுபோல அவளுக்கும் போய்விட்டது. பசி திரும்பி வந்தது, அதுவும் இரண்டு மடங்காக.

சரியாக அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. புருஷன் பெயிண்டர். ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது. ஆகவே அவன் வீட்டில் நின்றான், ஜன்னல் ஓரமாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு. மழை நன்றாகப் பெய்கிறது என்று ஊரே மகிழ்ந்தது. அவள் சம்பளம் வாடகைக்கும் பழைய பாக்கிக்கும் போய்விட்டு, வீட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குத்தான் வந்தது.

ஒரு சாயங்காலம் பானையைத் திறந்தால் மூன்று பேருக்குத்தான் சோறு இருந்தது. தட்டு நாலு. வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசம். அவள் மூன்று தட்டில் போட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"நீ சாப்பிடல?" என்றார் மாமியார்.

"குமட்டுது அத்தை. மசக்கை."

"சரி, கொஞ்ச நேரம் படு" என்றார் அவர்.

அவ்வளவுதான். போன மசக்கையை ஒரே வார்த்தையில் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம், ஏழாம் மாதம் என்று அது விருந்தாளி மாதிரி வீட்டிலேயே தங்கிவிட்டது. மாமியார் மூன்று பெற்றவர். மசக்கை எப்போது வரும், எப்போது போகும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் சில பொய்களை நம்புவது எல்லாருக்கும் வசதி. நம்பாவிட்டால் அடுத்த கேள்வி கேட்க வேண்டும், கேட்டால் பதில் வரும், வந்தால் அந்தக் குடும்பத்தின் மானம் கப்பலேறும். மானத்தைக் காப்பாற்ற ஒருத்தி பட்டினி கிடந்தால் போதுமென்றால், எந்தக் குடும்பம்தான் வேண்டாம் என்று சொல்லும்?

இதற்கு நடுவில் அவள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, பகல் முழுவதும் சாப்பாட்டைப் பற்றிய புகார்களைக் கேட்டாள். பாதி தின்றுவிட்டு உப்புக் குறைவு என்பார்கள். அளவு அதிகம், வீணாகிப் போயிற்று என்று ஒரு அம்மா சண்டை போட்டார். ஒவ்வொருவருக்கும் கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகத்தைச் சொல்ல வேண்டும்: "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது." அவள் சொன்னாள். புரிந்துதான் சொன்னாள். ஆனால் குரலில் ஏதோ குறைந்துகொண்டே வந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவர் டீம் லீடர்தான். வீட்டில் கூடவே படுத்து எழுகிறவர்கள் கவனிக்கவில்லை, சம்பளம் கொடுக்கிறவன் கவனித்தான். அக்கறை என்றால் அதுதான் அக்கறை.

"என்னங்க, குரல்ல சிரிப்பையே காணோம்?" என்றார்.

"தெரியல சார். வர மாட்டேங்குது."

அவர் உடனே நடவடிக்கை எடுத்தார். சிரிக்கிற முகம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை அவள் கம்ப்யூட்டரில் ஒட்டினார். அதைப் பார்த்தும் அவளுக்குச் சிரிப்பு வராதபோது கம்பெனி மனமிரங்கி, "பிரசவம் முடியட்டும், நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தது. சம்பளம் இல்லாத ஓய்வு. இதைவிட நிம்மதியான ஓய்வு உலகத்தில் உண்டா?

ஓய்வெடுத்தாள். காலையில் தலை வாருவதை நிறுத்தினாள். குழாயடியில் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருக்கும், அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள், யாராவது வந்து குழாயை மூட வேண்டும். மகள் ஏதாவது கேட்டால் பதில் வருவதற்குள் அது விளையாடப் போய்விடும். முதல் பிள்ளையின்போது வயிற்றில் உதைத்தால் புருஷன் கையை இழுத்து வைத்து, "பாருங்க, உங்கள மாதிரியே முரடு" என்பாள். இப்போது உதைத்தால், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் இடித்ததுபோலக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். இது எதுக்கு இங்க வந்து மாட்டிக்குது என்று அவளுக்குத் தோன்றியது. தான் இல்லாமல் போனால் ஒரு தட்டு மிச்சம் என்றும் ஒரு நாள் தோன்றியது. அதில் அவளுக்குப் பயம்கூட வரவில்லை.

"ரேடியோவுக்கு பேட்டரி தீந்துடுச்சா?" என்று கேட்டார்கள் அக்கம்பக்கத்தார். அறிவுரைகளும் குறைவில்லாமல் வந்தன. நல்ல பாட்டுக் கேளு. அழகான குழந்தைப் படத்தைச் சுவரில் மாட்டு. காலாற நட. எதிரே வருகிற ஒவ்வொருவரும் "சாப்டாச்சா?" என்றும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் படியிறங்கிப் போனார்கள். ஒரு தடவை அவள் "இல்ல" என்று சொல்லிப் பார்த்தாள். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு அந்தம்மா போய்விட்டார்.

பிள்ளைப்பேறு மருத்துவமனைக்கு மாமியார்தான் கூட்டிக்கொண்டு போவார். அங்கே நர்ஸ் நல்ல மாதிரி. கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"மனசு எப்படி இருக்கு? எதுலயும் பிடிப்பு இல்லாத மாதிரி இருக்கா? அழுகை வருதா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அவளுக்கென்ன குறை, ராணி மாதிரி வச்சிருக்கோம். மசக்கைதான் இன்னும் விடல."

டாக்டரம்மா எடையைப் பார்த்தார், ஏறவில்லை. முகத்தைப் பார்த்தார், அதில் ஒன்றுமே இல்லை. இது மன அழுத்தம், பயப்பட வேண்டாம், கர்ப்பத்தில் பலருக்கு வரும், என்று தன்மையாகத்தான் சொன்னார். மனசுக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று என மாத்திரை எழுதிக் கொடுத்தார். எப்போது போடுவது என்று மருந்து கொடுக்கிறவர் ஒவ்வொரு உறையிலும் கோடு போட்டுக் காட்டி, வாயாலும் சொன்னார். பழம், பால், முட்டை, கீரை நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா தனியாக ஒரு முறை சொன்னார். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

அந்த வாரத்திலேயே அது நடந்தது. சாயங்காலம் சோறு போட்டார்கள். பானையில் இன்னும் குறைந்திருந்தது. மகள் தன் தட்டைப் பார்த்தது, அம்மாவின் முன்னால் தட்டே இல்லாததைப் பார்த்தது. பிறகு தன் தட்டை மெல்ல அவள் பக்கம் தள்ளியது.

"சாப்பிடும்மா" என்றாள் அவள்.

"எனக்கு வேணாம். எனக்கும் மசக்கை" என்றது அது.

புருஷன் வாயில் வைத்த சோறு வாயிலேயே நின்றது. மாமியார், "சின்னப் பிள்ள பேசுற பேச்சா இது" என்று அதட்டினார், ஆனால் அதட்டலில் சுரத்தில்லை. மசக்கை என்றால் என்ன என்று அந்த வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது அந்த ஒரு ஜீவன்தான். ரேடியோ அதை மடியில் இழுத்துப்போட்டு ஊட்டிவிட்டாள். அழவில்லை. அழுகை வருகிற இடத்தை எல்லாம் எப்போதோ தாண்டிப் போயிருந்தாள். ஆனால் பல நாளைக்குப் பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, தன்மேல்தான்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரம்மா மாத்திரைகளை எடுத்து வைக்கச் சொன்னார். பையிலிருந்து வந்த அட்டைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிரித்திருந்தது.

"ஏம்மா, இவ்வளவு சொல்லியும் போடலையா? உனக்கு உன் குழந்தை மேலயாவது அக்கறை வேணாமா?"

"மசக்கைங்க, அதான்" என்று தொடங்கினார் மாமியார்.

"மசக்கை எல்லாம் இல்ல டாக்டர்" என்றாள் அவள். "சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னாங்க."

"ஆமா."

"சாப்பிட்ட அன்னைக்கெல்லாம் போட்டேன்."

டாக்டரம்மா அட்டைகளை இன்னொரு முறை பார்த்தார். எதிரில் இருந்த நர்ஸும் பார்த்தாள். படித்தவர்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பது மேஜையின்மேல் கிடந்தது.

வெளியே வந்ததும் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. "வீட்டு விஷயத்த இப்படியா வெளியாள்கிட்ட போட்டு உடைப்ப? என்கிட்ட சொல்லியிருந்தா நான் என் தட்ட குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பீங்க அத்தை. அப்புறம் நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே ஒரு சிக்கல் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனைச் சமையலறையில் சோறு இருக்கிறது, ஆனால் படுக்கையில் இருக்கிற நோயாளிக்குத்தான் கொடுப்பார்கள். படுக்கை வேண்டுமென்றால் நோய் வேண்டும். பசி நோய்களில் சேர்த்தியில்லை. நல்லவேளையாக அவளுக்கு மன அழுத்தம் இருந்தது. டாக்டரம்மா அதையே காரணமாக எழுதி, அவளைப் படுக்கையில் சேர்த்தார். பசியோடு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள், பசியினால் வந்த சோகத்தோடு வந்ததால் இடம் கிடைத்தது.

மூன்று வேளையும் தள்ளுவண்டி வந்தது. சோறு, பருப்பு, ஒரு முட்டை, சில நாள் வாழைப்பழம். முதல் நாள் அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் பங்கு வைப்பது என்று சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துப் படுக்கைக்காரி, "ஒனக்குத்தான், சாப்பிடு" என்று சொன்ன பிறகுதான் கை வாய்க்குப் போனது. சாப்பிட்டாள். மாத்திரையும் போட்டாள். மாத்திரையை நான் குறை சொல்லவில்லை, அது போய் உட்கார வயிற்றில் ஏதாவது இருந்தால் அதுவும் தன் வேலையைச் செய்யும். சாயங்காலம் மகள் பார்க்க வரும்போது, போர்வைக்குள் ஒளித்து வைத்த முட்டையை ஊட்டுவாள். ஆயா பார்த்தும் பார்க்காததுபோல ஜன்னல் துடைப்பாள்.

கொஞ்ச நாளில் தலை வாரிக்கொண்டாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடம் அவள் மாமனாரைப் பற்றி விசாரித்தாள். பிறகு எதிர்ப் படுக்கை, பிறகு கோடிப் படுக்கை. ஒரு நாள் புருஷன் வந்திருந்தபோது வயிற்றில் உதை விழுந்தது. அவன் கையை இழுத்து வைத்தாள். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெளியே அப்போதும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

டாக்டரம்மாவுக்கு ஏக சந்தோஷம். பயிற்சி டாக்டர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து படுக்கையைச் சுற்றி நிற்கவைத்தார்.

"பாருங்க, எப்படி வந்தாங்க, இப்ப எப்படி இருக்காங்க. எடை ஏறியிருக்கு, தூக்கம் வருது, பேச்சு வந்துடுச்சு. மாத்திரைய ஒழுங்கா போட்டா எவ்வளவு வித்தியாசம் பாருங்க."

பயிற்சி டாக்டர்கள் மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அன்று மதியம் என்ன சோறு போட்டார்கள் என்று ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

"ரொம்ப நல்லா ஆயிட்டீங்க. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டரம்மா.

அவள் முகம் மாறியது. ஜன்னல் பக்கம் பார்த்தாள், நனைந்து நின்ற எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வீட்டில் நாலு தட்டு இருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பழைய வேலையில் பேசுவதுபோல மிகப் பணிவாகக் கேட்டாள்.

"டாக்டர், குழந்தை பிறக்கிற வரைக்கும் நான் இன்னும் கொஞ்சம் சோகமா இருந்துக்கட்டுமா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மா பயிற்சி டாக்டர்கள் பக்கம் திரும்பி, நோயாளி இப்படி ஜோக்கடிக்க ஆரம்பித்துவிட்டால் குணமாகிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். சிரிப்பு அடங்குவதற்குள் வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டார்.