பேண்டேஜ் கம்பெனி கடல் பார்த்த கதை

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு மலை ஒரு பொருட்டே இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதே கண்ணில் படும். எங்களுக்குக் குறை கடல்தான். அந்தக் குறை மற்ற எல்லோரையும்விட என் அத்தைக்கு அதிகம். முப்பத்தெட்டு வயதாகியும் கடலைப் பார்க்கவில்லை என்று டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அம்மாவும் அத்தையும் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் துணியை வெட்டி, மடித்து, சுருட்டுகிற வேலை. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி செலவில் டூர் உண்டு. வருஷம் தவறாமல் பழனிதான். அந்த வருஷம் அத்தை சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நின்று கன்னியாகுமரி என்று மாற்றிவிட்டாள். ஆளுக்கொரு பிள்ளையைக் கூட்டி வரலாம் என்றார்கள். மாமா இறந்த பிறகு அத்தை சம்பளத்தில்தான் அவள் மகன் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். பெண்கள் கூட்டத்தோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். எட்டு வயதில் எனக்கு அந்த மாதிரிக் கௌரவம் ஒன்றும் இல்லை.

வேன் கிளம்பியதும் பால்கோவா தேடி அத்தையின் பைக்குள் கையை விட்டேன். மாற்றுச் சேலைக்கு அடியில் வெள்ளையாக ஒரு துணிச் சுருள் இருந்தது. என்னவென்று இழுப்பதற்குள் கையில் பளீரென்று ஒரு அடி விழுந்தது.

"ஏட்டி, கேட்டா தரமாட்டனா? எதுக்குப் பைய நோண்டுத?"

அத்தை என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. பால்கோவா கைக்கு வந்ததும் நானும் மறந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். ஆனால் சுற்றிப் பார்ப்பதையும் ஷிப்ட் மாதிரியே நடத்தினார். சுசீந்திரம் கோயிலுக்கு அரை மணி நேரம் என்றால் அரை மணிதான், விசில் ஊதிவிடுவார். வட்டக்கோட்டையை ஓடிக்கொண்டே பார்த்தோம். கன்னியாகுமரியில் படகேறிப் பாறைக்குப் போய்வந்ததில் எனக்கு வரிசையில் நின்றது மட்டும்தான் நினைவிருக்கிறது. சுசீந்திரத்தில் அத்தை வேனைவிட்டு இறங்கவில்லை. கால் வலிக்கிறது, நீ போய்விட்டு வா என்றாள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவளுக்கு வேனில் உட்கார்ந்து வந்து கால் வலிப்பதாவது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் கடலைப் பார்த்தாள். "எம்புட்டுத் தண்ணி, எம்புட்டுத் தண்ணி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவ்வளவு பேச்சுக்காரிக்கு வேறு வார்த்தை வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முட்டம் கடற்கரை. அங்கே மணலைவிடப் பாறைதான் அழகு. ஏறாதே என்று அம்மா சொன்னதால் ஏறினேன். வழுக்கியதில், பாறையில் ஒட்டியிருந்த சிப்பி ஒன்று குதிகாலைப் பிளந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் கலங்கரை விளக்கத்தின் மேல் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அம்மா ஓடிவந்து, அன்றைக்குத்தான் முதல் முதலாக உடுத்தியிருந்த சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கட்டினாள். வழுவழுவென்ற சேலை. ரத்தம் நிற்கவில்லை.

அங்கே அன்னாசிப்பழம் விற்ற அம்மா ஒருத்தி, எங்கிருந்து வாறிய என்று விசாரித்தாள். யாரோ சொன்னார்கள். அவள் சிரித்துவிட்டாள்.

"பேண்டேஜ் கம்பெனியா? இத்தனை பேரு வந்திருக்கிய, ஒருத்தி கையிலயும் ஒரு துண்டு பேண்டேஜ் இல்லியா?"

சூப்பர்வைசருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க கம்பெனில ஒரு நூலு வெளிய போவாதும்மா. கேட்ல பையக் கொட்டிப் பாத்துட்டுத்தான் விடுவோம்."

நான் அழுகையை நிறுத்தினேன். "அத்தை பையில இருக்குல்லா! சேலைக்கு அடியில. நான் காலைல பாத்தேன்."

அத்தை தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து சுருளை எடுத்தாள். மணலில் உட்கார்ந்து, அம்மாவின் கிழிசலை அவிழ்த்துவிட்டு, நிதானமாகக் கட்டுப் போட்டாள். ரத்தம் நின்றது.

"எதுக்கும்மா எடுத்தீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"பிள்ளைக்குக் கட்டத்தான்."

"பிள்ளைக்கு இன்னைக்கு அடிபடும்னு முந்தியே தெரியுமா உங்களுக்கு?"

அத்தை கட்டின் முனையை மறுபடியும் மறுபடியும் செருகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேன் டிரைவர் நின்றார், கிளீனர் நின்றான். மற்ற பெண்கள் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அத்தையைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு பால்கோவா கடையில் டப்பா அடுக்கும் வேலைக்குப் போனாள். அது பாதிச் சம்பளம்கூட வராது. அத்தை மகன் ஐ.டி.ஐ.யை விட்டுவிட்டு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தான். நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று எனக்கு உறுத்தலே இல்லை. திருடுவது தப்பு அத்தை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். "தப்புதாம்ட்டி" என்றாள். பள்ளிக்கூடத்தில் அம்மா எனக்காகப் புதுச் சேலையைக் கிழித்ததைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் கழித்து நான் பெரியவளானேன். அம்மா மடித்துக் கையில் கொடுத்தது அதே வெள்ளைத் துணி. சுசீந்திரத்துக் கால்வலி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை ஆண்கள் முன்னால் அத்தை என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அம்மாவிடம் கேட்டேன்.

"எம் பையிலயும் இருந்துச்சு. வெளியூருக்குப் போறோம்னு எல்லாரு பையிலயும் இருந்துச்சு. கேட்ல பையத்தான பாப்பாங்க, சேலைக்குள்ள சுத்திக் கொண்டாந்துருவோம். அவ ஒரு வார்த்தை சொல்லிருந்தா அம்புட்டுப் பேருக்கும் வேலை போயிருக்கும். நான் சேலையத்தான் கிழிச்சேன். பையத் தொறக்கல."

எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. பிறகு அது என் மேல் திரும்பியது. இன்னும் போகவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வேனில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை. அத்தை என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போகும்போது பைகளெல்லாம் சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்தன. இப்போது ஆளாளுக்குப் பையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். கன்னியாகுமரியில் வாங்கிய சங்கு உடைந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் எவ்வளவு பத்திரமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.