சின்னம்மாவின் தோளில் வந்த பை

யாருடைய தோளில் கைப்பையைக் கண்டாலும் என் கண் முதலில் அதன் தையலுக்குத்தான் போகும். கடையை விட்டு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. யாழ்ப்பாண நகரில் நாலு வருடம் பைக்கடையில் நின்றேன். பெரிய வெளிநாட்டுப் பெயர்கள் போட்ட பைகள், அத்தனையும் கொப்பி, போலி. "ஒறிஜினல் எப்பிடி இருக்குமெண்டு தெரிஞ்சாத்தான் கொப்பியை விக்கேலும்" என்பார் முதலாளி. அதனால் அசலைப் படித்தேன். அசலில் தையல் ஒரே சீராகச் சரிந்து போகும். துண்டுகள் சேரும் மூட்டில் பூவேலை முறியாது. கைப்பிடித் தோல் கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறமாகக் கறுக்கும். கொப்பி எத்தனை வருடம் போனாலும் வெளிறியே கிடக்கும். எங்களிடம் அதிகம் வாங்கியவர்கள் திருவிழாவுக்கு ஊர் வந்த வெளிநாட்டுத் தமிழர்தான். கொண்டுவந்தது போதாவிட்டால் இங்கே வாங்கி, லண்டன் சாமான் என்று சொந்தக்காரருக்குக் கொடுப்பார்கள். எனக்கு அது நல்ல பகிடி, சிரித்துக்கொள்வேன். அம்மாவிடம் மட்டும் நான் விற்பதெல்லாம் அசல் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் தொப்பி போட்ட ஒருவர் வந்து, "கொப்பியெண்டு பாத்தாத் தெரியக் கூடாது" என்று ஒரு மண்ணிறப் பையை எடுத்தார். பையைத் திறக்கும் சிப் இறுகியிருந்தது. மெழுகுதிரி தேய்த்து ஓடவிட்டுக் கொடுத்தேன். அடுத்த நாள் இணுவிலில் எங்கள் வீட்டு வாசலில் வான் வண்டி ஒன்று வந்து நின்றது. முப்பது வருடத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து வந்த சின்னம்மா இறங்கினார். தோளில் அந்தப் பை. பின்னால், போனில் ஒருநாளும் முகம் காட்டாத சித்தப்பா, அதே தொப்பியோடு. என்னைக் கண்டதும் தண்ணீர் கேட்டார்.

சின்னம்மா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு பையைக் கழற்றி, "அக்கா, நான் ஆசையாப் பாவிச்சது. இனி நீங்கள் வைச்சிருங்கோ" என்று அம்மாவின் தோளில் மாட்டினார். சிப்பில் என் மெழுகு இன்னும் ஒட்டியிருந்தது.

நாங்கள் இருந்த அந்த வீடு அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பொதுவானது. அம்மா தன் பங்கையும் எழுதித் தந்தால் புதிதாகக் கட்டுவதாகவும், சாகும்வரை அம்மா அதிலேயே இருக்கலாமென்றும் சின்னம்மா சொன்னார். உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு கந்தோருக்கு வெளிக்கிடும்போது, "யோசிச்சுச் செய்யுங்கோ அம்மா" என்றேன்.

"தன்ரை தோளிலை கிடந்ததைக் கழட்டித் தந்தவள், என்னை ஏமாத்துவாளோ?"

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் என் பொய்யும் சேர்ந்து வெளியில் வந்திருக்கும். கந்தோரில் அம்மாவுக்குப் பேனையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஒரு வருடம் முடியுமுன் சின்னம்மா வீட்டை விற்றுவிட்டார். இப்போது போன் எடுப்பதில்லை. நாங்கள் சண்டிலிப்பாயில் வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் கோயிலுக்குப் போக அம்மா அந்தப் பையை எடுத்தார். "அவளுக்கும் அங்கை என்ன கஷ்டமோ, பாவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை, தொப்பி, மெழுகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா அழவில்லை. பைக்குள் இருந்த மூக்குக்கண்ணாடியையும் மருந்துச் சீட்டையும் வெளியே எடுத்து வைத்தார்.

"அவள் முப்பது வருசம் தூரத்திலை இருந்தவள், பிள்ளை" என்றார். "நீ எனக்குப் பக்கத்திலை நிண்டனீ."