சந்தியா பறியைத் துப்பிய பகல்

என் மருமகள் சந்தியாவின் மேல் அம்மன் வந்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். வரவில்லை. அம்மனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆடி மாதம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவள்தான் நான். ஆனால் அன்றைக்கு ஏரியில் கத்தியது என் மருமகளின் அறிவு. அந்தப் பெருமையை இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டேன், அது சாமியாகவே இருந்தாலும் சரி.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. பெண்கள் நாங்கள் இறாலைக் கையால்தான் பிடிப்போம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் வரிசையாகக் குனிந்து, சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. அதன் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வோம். அதனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் பேச்சு கிடையாது, நிமிர்வதும் கிடையாது. ஒருத்தி வரிசையை விட்டு விலகினால் அந்தச் சந்தில் இறால் ஓடிவிடும். கரைக்கு வந்ததும் அவள் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

சந்தியா வேறு மாதிரி. திருப்பாலைவனத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பத்தாவது வரைக்கும் படித்தவள். என் மகன் பிரகாஷைக் கட்டிக்கொண்டு வந்த புதிதிலிருந்தே அடிக்கடி நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பாள். கஸ்தூரி அவளை விடமாட்டாள். கஸ்தூரிதான் எங்கள் வரிசைக்குத் தலைவி மாதிரி. கைராசிக்காரி, வாயும் பெரிசு.

"இன்னா மே, மேல இன்னா பாக்குற? எறா பறந்தா போவுது?"

"காத்தைப் பாக்குறேன்க்கா."

"காத்து கண்ணுக்குத் தெரியுதா உனுக்கு? எங்க வூட்டுக்காரன் மூக்கு முட்டக் குட்ச்சிட்டு வந்தாகூட அவனுக்கு அதெல்லாம் தெரியாதும்மா!"

ஒருநாள் இறால் அலசும்போது நானே கேட்டேன், காற்றில் பார்க்க என்ன இருக்கிறது என்று. அவள் சொன்னாள்: "வெயில்ல தரை சீக்கிரம் சூடாவுது அத்தே, தண்ணி மெதுவாத்தான் சூடாவும். தரைமேல இருக்கிற காத்து சூடேறி மேல கெளம்பிடும். அந்த எடத்தை ரொப்ப, கடல்லேர்ந்து குளுந்த காத்து வரும். அதான் மத்தியானத்துல நம்ம மேல படுற காத்து. நிக்கக் கூடாத நேரத்துல அது நின்னுச்சுன்னா, எதிர்ல வேற ஏதோ வந்து அதைத் தள்ளுதுனு அர்த்தம்."

ஆவணி மாதத்தில் அப்படித்தான் நின்றது. நல்ல மத்தியானம். ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. அலை இல்லாவிட்டால் இறால் கைக்கு நன்றாக அகப்படும், எங்களுக்கெல்லாம் குஷி. அப்போதுதான் சந்தியா த்தூ என்று கயிற்றைத் துப்பினாள். பறி கவிழ்ந்து அவள் பிடித்த இறாலெல்லாம் துள்ளிப் போயிற்று.

"எல்லாரும் கரைக்கு நட! போதும், வெளிய வாங்க!"

நிமிர்ந்தேன். மேற்கே ஒரு மேகம் மலைபோல எழும்பியிருந்தது. பொங்குகிற கஞ்சி மூடிய தட்டில் முட்டிப் பக்கவாட்டில் படருமே, அதுபோல அதன் உச்சி தட்டையாகப் படர்ந்திருந்தது. அடிப்பக்கம் கன்னங்கரேல்.

கஸ்தூரி பறியைக் கையில் பிடித்துக்கொண்டாள். "கரைக்கா? மழை அங்கேர்ந்துதான் வருது. அது வாயிலியே போயி வுழச் சொல்றியா? தோ, பின்னாடி மணல்மேடு கிட்ட இருக்குது. அங்க போயி மரத்தாண்ட குந்துவோம்."

கேட்டால் நியாயமாகத்தான் படும். எல்லாரும் மேட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"அந்த மேட்டுல மரமும் நாமளுந்தான் ஒசரம். இடி வேற எங்கக்கா எறங்கும்?" என்றாள் சந்தியா. "மழையோட சேர்ந்து குளுந்த காத்து கீழ வுழும். குடத்துத் தண்ணியத் தரையில கவுத்தா ஓடுமே, அந்த மாதிரி மழைக்கு முன்னாடி ஓடியாரும். அது வந்துட்டா அப்புறம் நேரமில்ல. இப்பவே நடந்தா ஸ்கூல் கட்டடத்துக்குள்ள பூந்துடலாம்."

"டிவியில நியூஸ் படிக்கிறவ இவ!"

"நாளைக்கு எவ்ளோ வேணா ஏசுக்கா. இப்ப நட." சொல்லிக்கொண்டே கஸ்தூரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உதறினாள். இவள் விடவில்லை.

நானும் என் கயிற்றைத் துப்பினேன். "எம் மருமவ சொல்றா, நான் போறேன். வர்றவ வாங்க" என்று மேகத்தைப் பார்த்தே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் தண்ணீர் சளசளவென்று சத்தம் கேட்டது. வருகிறார்கள் என்று தெரிந்தது. கஸ்தூரி திட்டிக்கொண்டே வந்தாள்.

கரை ஏறும்போது மேற்கேயிருந்து காற்று மோதியது. பானைத் தண்ணீர் போலச் சில்லென்று, நனைந்த மண்வாசனையோடு. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த பிறகு மழை பிடித்தது. ஒரு இடி விழுந்தது பாருங்கள், ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

மறுநாள் ஆண்கள் போய்ப் பார்த்தார்கள். மேட்டு மரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது.

அம்மனே வந்து கத்தினாள் என்று கஸ்தூரி மஞ்சள் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் கற்பூரத்தட்டுமாக வந்து சந்தியாவின் காலில் விழப் பார்த்தாள். இவள் தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"எய்ந்திரிக்கா. நான் ஒருநாள் வேலைக்கு வரலேன்னா இன்னா பண்ணுவ? தெனம் ஒருத்தி பறி இல்லாம நிமிந்து நிக்கணும். மேகத்தையும் காத்தையும் பாக்கணும். அவளுக்கு மத்தவங்க ஆளுக்கு ஒரு கை எறா போடணும்."

"சும்மா நிக்கிறவளுக்குப் பங்கா?"

"நமக்காகப் பாக்குறவளுக்குக்கா."

அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். முதல் நாள் நிமிர்ந்து நிற்கிற முறை கஸ்தூரிக்கே வந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? வெள்ளை வெள்ளையாக நாலு மேகத்தைக் கண்டதும், "நட! நட!" என்று அலறி எல்லாரையும் கரையேற்றிவிட்டாள். கரையில் சுள்ளென்று வெயில். ஒரு சொட்டு இல்லை. பெண்கள் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள்.

சந்தியா மட்டும் சிரித்தாள். கஸ்தூரியின் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப்போய் வானத்தைக் காட்டினாள். "பாருக்கா, நடுவுல நீலம் தெரியுது. உச்சி மேல வளரல. இது ஒண்ணும் பண்ணாது. மேல மேல வளந்துனே போற மேகம் வந்தா, அதுக்குத்தான் நீ கத்தணும்."

கஸ்தூரி வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பறி பல்லில் இல்லாமல் அவள் அப்படி வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.