டிரம்பெட்டும் மௌரீனின் சிரிப்பும்

மௌரீன் பதினொரு வருஷமாக பெங்களூர் ரெசிடென்சி ரோட்டில் ஒரு கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர். சிரித்துக்கொண்டே பேசினால் குரலிலும் சிரிப்பு கேட்கும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி, டெலிபோன் போர்டுக்குப் பக்கத்தில் முகம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். திட்டு வாங்கும்போதும் அவள் உதடு இரண்டு பக்கமும் விரிந்தேதான் இருக்கும். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு, தன் பங்குக்கும் ஒரு சத்தம் வேண்டுமென்று ஆசை வந்தது. 1997இல், முப்பத்தெட்டு வயதில், விவேக் நகரில் சர்ச் பேண்டில் போய் டிரம்பெட் வாசிக்கக் கேட்டாள். என்ன துணிச்சல் பாருங்கள்.

டிரம்பெட் கிடைத்தது, சத்தம்தான் கிடைக்கவில்லை. காற்றும் எச்சிலுமாகச் சீறிவிட்டு, கொஞ்சம் மேலே போனதும் பிசிறி அறுந்தது.

“மூச்சு பத்தலம்மா, தம் கட்டி ஊது,” என்றார் பேண்டு மாஸ்டர் ஆரோக்கியசாமி.

அவளும் தம் கட்டினாள். டிரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸை உதட்டில் இன்னும் அழுத்தினாள். உதட்டில் சிவப்பாக வளையம் விழுந்து வீங்கியதுதான் மிச்சம்.

“தேர் பவனிக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. சனிக்கிழமை ஒரே சுரத்த எட்டு எண்ணுற வரைக்கும் புடிச்சுக் காட்டு. முடியலன்னா கொடி புடிச்சிக்கினு வா,” என்று சொல்லிவிட்டார்.

அன்று பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மதியம் போர்டு ஓய்ந்த நேரத்தில், கைப்பையில் கொண்டுவந்த மவுத்பீஸை மட்டும் எடுத்து ஊதிப் பார்த்தாள். எதிரே கண்ணாடி. அதற்குள் இருந்தவள் மவுத்பீஸை வைத்துக்கொண்டே ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்கிற முகத்தோடு இருந்தாள். வாயின் இரண்டு ஓரமும் காதுப் பக்கம் இழுத்துக் கிடந்தன. நடுவில் உதடு மெலிந்து விறைத்திருந்தது. அப்படியிருந்தால் அது எங்கே அதிரும்? குறை மூச்சில் இல்லை. சத்தம் வராததைச் சரிக்கட்ட அழுத்தியிருக்கிறாள். அழுத்த அழுத்த, வந்த கொஞ்சமும் செத்தது.

‘ம்’ என்று வாயை மூடினாள். ஓரங்களை அங்கேயே கெட்டியாக நிறுத்தி, நடுவை மட்டும் தளரவிட்டு, சூடான காபியை ஆற்றுவது போல ஊதினாள். தாழ்வாக, தடிப்பாக ஒரு ரீங்காரம் வந்தது. அதன்பிறகு தினமும் மதியம் ஃபைல் ரூமில் ஐந்து நிமிஷம் மவுத்பீஸ். சாயங்காலம் டிரம்பெட்டை அழுத்தாமல் லேசாகத் தாங்கி ஒரே சுரம். வாயோரம் விண்விண்ணென்று வலித்தது. ஃபோனில் ஹலோ என்றதும் உதடு தானாக விரிந்துவிடும். திரும்ப அதைக் கூட்டிவருவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

சனிக்கிழமை மாஸ்டர் எட்டு எண்ணி முடித்தும் சுரம் அறாமல் நீடித்தது. பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு, “மூச்சு வந்துடுச்சு பாத்தியா,” என்றார். மௌரீன் திருத்தப் போகவில்லை.

பவனியன்று, பாட்டின் நீண்ட சுரத்தை அவள் பிடித்திருந்த நேரம் பார்த்து, கணவன் பெனடிக்ட் இரவல் கேமராவோடு எதிரே வந்து நின்றான்.

“மௌரீன், இங்க பாரு. கொஞ்சம் சிரி.”

யார் சொன்னாலும் உடனே சிரித்துப் பழகியவள். வாயோரம் துடித்தது. அதை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுரம் கலையாமல் முடிந்தது. உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

போட்டோவில் யாரையோ அடிக்கப் போகிறவள் போல இருக்கிறாள். அதைத்தான் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள்.