எவனும் இல்லை

பிள்ளையார்பட்டி மண்டபத்தில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் எல்லோரும் போயிருந்தோம். அக்கா வரவில்லை. கல்யாணப் பெண் அக்காவின் உயிர்ச் சிநேகிதி. அதனால் எங்களை வாங்க என்று கேட்பதற்கு முன்பே அக்கா எங்கே என்று கேட்டார்கள். தலைவலி என்று அம்மா சொன்னாள். காலையில் அக்கா அவளிடம் சொன்னதும் அதைத்தான்.

இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவர்கள் காதலித்தார்கள் என்று இன்று என்னால் ஒரே வரியில் எழுத முடிகிறது. அன்று எனக்கு எட்டு வயது. அந்தச் சிநேகிதி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தேன்மிட்டாயை நீட்டி, "அத்தான்னு கூப்புடு, தாரேன்" என்பாள். அக்கா புருஷனைத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுவது. நான் கூப்பிடுவேன். அக்கா முகம் சிவந்து என் தலையில் கொட்டுவாள். மிட்டாய் கிடைத்தால் யாரையும் எந்த முறை சொல்லிக் கூப்பிடவும் நான் தயாராக இருந்த காலம் அது.

சிநேகிதிக்குப் பதினெட்டு நிரம்பியதும் சிங்கப்பூர் மாப்பிள்ளை வந்தார். அக்கா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினாள். பிளஸ் டூ ரிசல்ட் பயம் என்று வீட்டில் முடிவு செய்தோம்.

மொய் எழுதிவிட்டு மேடை ஏறினோம். மணப்பெண் என் பக்கம் குனிந்து, "அக்கா வரலையாடா?" என்றாள்.

"தலவலி, அத்தான்" என்றேன்.

மாப்பிள்ளை வெடித்துச் சிரித்தார். "அப்ப நான் யாருடா, ஒனக்கு அக்காவா?"

மேடையே சிரித்தது. மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. அம்மா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, போட்டோக்காரர் நகரச் சொல்லும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா நல்ல உற்சாகத்தில் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், "யக்கா, ஆவணியில இவளுக்கும் பதினெட்டு முடியுது. நம்மளும் முடிச்சுருவோம்" என்றார். அக்கா மாமாவுக்குத்தான் என்பது அவள் பிறந்த அன்றே பேசி வைத்தது. அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வீங்கிய கண்களோடு அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"எனக்கு வேணாம் மாமா."

"எவன் அவன்?"

"எவனும் இல்ல."

அது முழு உண்மை. அதனாலேயே யாரும் நம்பவில்லை. பஸ் கண்டக்டரா, செல்போன் கடைக்காரனா, டியூஷன் வாத்தியாரா என்று மாமா வரிசையாகக் கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாள். அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அவதான் எவனும் இல்லங்கிறாள்ல, விடுங்க" என்றவள், மாமா பக்கம் திரும்பி, "எம்மகள நான் குடுக்கலடா" என்றாள்.

"தம்பி வேணுமா, மக வேணுமா? இப்பச் சொல்லு."

"ரெண்டு இட்டிலி சாப்புட்டுப் போ" என்று அம்மா தட்டு வைத்தாள். மாமா கை நனைக்காமல் வண்டியை எடுத்தார்.

அம்மா அக்காவை அணைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. அவள் செல்போனை வாங்கிப் பீரோவில் பூட்டினாள். "அவ புருஷன் வீட்டுக்குப் போயிட்டா. இனி அந்தப் பேச்சு இங்க வேணாம்." அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மாமா தொடாத தட்டை அவள் முன்னால் தள்ளி, "தின்னு" என்றாள் அம்மா.

அம்மா பிறந்த வலையபட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. தன் அப்பா செத்த அன்று அம்மா தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

மாமாவுக்கு இட்லி பிடிக்கவில்லை என்பதுதான் அன்று எனக்குப் புரிந்தது. தீபாவளிக்கு அவர் எடுத்துத் தரும் சட்டை வரவில்லை என்று அழுதேன். அக்காவை வீட்டில் நிறுத்திக்கொள்ள எங்களுக்கு ஆன செலவு: எனக்கு ஒரு சட்டை, அம்மாவுக்குப் பிறந்த வீடு.